புது ஆர்த்தோ மெத்தை கல்லு மாதிரி இருக்கு, கடைல மாத்தவும் மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

தூக்கம்போச்சு (கோவை)
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, இப்ப வேற வழியில்லாம எழுதறேன். எங்க பழைய மெத்தை ஸ்பிரிங் மெத்தை, 11 வருஷம் ஆச்சு, நடுவுல குழி விழுந்து தொட்டில் மாதிரி ஆயிருச்சு. அத தூக்கிப் போட்டுட்டு போன மாசம் புதுசு வாங்கினோம். கடைல போய் ரெண்டு நிமிஷம் உக்காந்து பாத்தேன், படுத்துப் பாக்கல, நாலு ஆம்பளைங்க நிக்கற எடத்துல எப்படிங்க படுக்கறது. கடைக்காரர் "இது ஆர்த்தோம்மா, முதுகுக்கு இதான் நல்லது, டாக்டருங்களே இதத்தான் சொல்றாங்க"ன்னாரு, சரின்னு வாங்கிட்டோம். 78க்கு 60, 6 இன்ச், 17,500 ரூபா.

மொத ராத்திரியே திண்ணைல படுத்த மாதிரி இருந்துச்சு. நான் ஒருக்களிச்சு படுக்கறவ. காலைல எந்திரிச்சா வலது தோள்பட்டையும் இடுப்பெலும்பும் யாரோ ஒலக்கைல இடிச்ச மாதிரி இருக்கு, கை மரத்துப்போய் நடுராத்திரி ரெண்டு தடவ முழிப்பு வந்துருது. பக்கத்துல வீட்டுக்காரர் 86 கிலோ, மல்லாக்கப் படுத்து நிம்மதியா குறட்டை விடறாரு, "சூப்பர் மெத்தை"ங்கறாரு. நான் 52 கிலோ. கடைக்கு போன் போட்டா "பழகிரும்மா, மூணு மாசம் ஆகும்"னு சொல்லி வெச்சுட்டாங்க. உண்மையாவே பழகுமா, இல்ல ஏதாச்சும் பண்ணி மெதுவாக்க முடியுமா? இன்னொரு 17,500 எல்லாம் இல்லைங்க.

மேன்ஷன்வாசி
பசங்கள ஏத்தி விட்டு குதிக்க விடுங்க அக்கா, ஒரு வாரத்துல இட்லி மாதிரி ஆயிடும் 😂

ஓய்வு68
அம்மா, நான் திருநெல்வேலி பக்கம். 68 வயசாகுது, இன்னைக்கு வரைக்கும் பத்தமடைப் பாய்லதான் படுக்கேன். ஒரு முதுகு வலி கிடையாது. மெத்தைன்னு வந்த பிறகுதான் ஊர்ல எல்லாருக்கும் டிஸ்க் போகுது. கெட்டியா படுக்கறதுதான் உடம்புக்கு நல்லது, கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு.

பஞ்சுமூட்டை (மதுரை)
தங்கச்சி, நான் 14 வருஷம் மெத்த வியாபாரத்துல இருந்தவன், இப்ப விட்டுட்டேன், அதனால உண்மைய சொல்லலாம். மொதல்ல மூணு கேள்விக்கு பதில் சொல்லு. ஒன்னு, மெத்த வரும்போது சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவர கழட்டியாச்சா? ரெண்டு, மேல வாட்டர்ப்ரூஃப் கவர் எதுவும் போட்ருக்கியா? மூணு, ஒரு ஓரத்துல ஜிப் இருக்கும், அத ஒரு சாண் தெறந்து உள்ள என்ன கலர்ல இருக்குன்னு பாத்துச் சொல்லு. அதுக்கப்பறம் பேசுவோம்.

தூக்கம்போச்சு
அண்ணா 🙈 பிளாஸ்டிக் கவர் கழட்டல. பையனுக்கு 3 வயசு, ராத்திரி சில நாள் ஒன்னுக்கு போயிருவான், அதான் அப்படியே விட்டு மேல ஒரு வாட்டர்ப்ரூஃப் கவரும் அதுக்கு மேல பெட்ஷீட்டும் போட்ருக்கேன். திரும்பிப் படுத்தா சரக்கு சரக்குன்னு சத்தம் வரும், அதுவும் பழகிருச்சு.

ஜிப் தெறந்து பாத்தேன். மேல ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை ஸ்பாஞ்ச், அதுக்குக் கீழ கலர் கலரா, பச்சை ரோஸ் மஞ்சள் ஊதான்னு பொடிப்பொடியா ஒட்டி வெச்சிருக்கு, கேக் மேல தூவுவாங்களே அது மாதிரி. விரல வெச்சு அமுக்கினா உள்ளயே போகல. ஏமாத்திட்டாங்களா அண்ணா?

பஞ்சுமூட்டை
ஏமாத்தல, அதுக்குப் பேரே பாண்டட் ஃபோம். ஃபேக்டரில ஃபோம் வெட்டும்போது விழுற துண்டு துக்காணிய எல்லாம் அரைச்சு, பசை போட்டு, ஆவி குடுத்து அமுக்கி கட்டியாக்கறது. ஆர்த்தோன்னு விக்கறதுல நெறையதுல உள்ள இதுதான் இருக்கும், சிலதுல ரப்பர் போட்ட தேங்கா நார் இருக்கும். நல்ல சரக்குதான், சீக்கிரம் குழி விழாது, வெயிட்டான ஆளுக்கு பொருத்தம், அதான் உன் வீட்டுக்காரர் ஜம்முனு தூங்குறாரு. ஆனா 52 கிலோ ஆளு ஒருக்களிச்சு படுத்தா தோளும் இடுப்பும் அதுல எறங்கவே எறங்காது. மெத்த மெதுவா கெட்டியாங்கறது மெத்தைல மட்டும் இல்ல, படுக்குற ஆளு எடையிலயும் பாதி இருக்கு. கடைல நாங்க இத யாருக்கும் சொல்ல மாட்டோம், சொன்னா ஒரே வீட்டுக்கு ரெண்டு மெத்த பத்தி பேச வேண்டி வரும், வியாபாரம் அடுத்த வாரத்துக்கு தள்ளிப்போயிரும்.

அப்பறம் அந்த "ஆர்த்தோ" ஒரு பேருதான், யார் வேணா போட்டுக்கலாம். டாக்டர் வந்து அமுக்கிப் பாத்து முத்திரை குத்துறதெல்லாம் இல்ல.

பழகுமான்னு கேட்டியே. மெமரி ஃபோம், சாதா பியூ ஃபோம் (பாலியூரிதேன், சாதாரண ஸ்பாஞ்ச்) இதுன்னா ஒரு மாசம் ரெண்டு மாசத்துல கொஞ்சம் எளகும். பாண்டடு எளகாது தங்கச்சி, அத அமுக்கி வெச்சதே எளகக் கூடாதுன்னுதான். மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தா இலவு காத்த கிளி கததான். அவங்க மூணு மாசம் சொல்றது எதுக்குன்னா, அதுக்குள்ள நீ போன் பண்றத நிறுத்திருவன்னு.

இன்னைக்கே செய்ய வேண்டியது, அந்த பிளாஸ்டிக்க கிழிச்சுப் போடு. அது மேல் துணிய இழுத்துப் பிடிச்சு தோல் கட்டுன மேளம் மாதிரி ஆக்கிரும், கீழ இருக்குற ஒரு விரல் ஸ்பாஞ்சும் வேல செய்யாது, ஈரமும் உள்ளயே நின்னு பூஞ்சை வரும். பையனுக்காக ஒரு ரப்பர் ஷீட்ட அவன் படுக்கற எடத்துக்கு மட்டும் போடு, போதும்.

பிசியோ_ஈரோடு
நான் பிசியோதெரபிஸ்ட். ரெண்டு விஷயம் சொல்லிக்கறேன்.

ஓய்வு68 ஐயா, கோவிச்சுக்காதீங்க. சின்ன வயசுலருந்து தரைல படுத்துப் பழகின உடம்பு வேற, மெத்தைல வளந்தவங்க உடம்பு வேற, உங்களுக்கு பாய் சரியா இருக்குன்னா தாராளமா படுங்க. ஆனா கெட்டியா இருந்தாதான் முதுகுக்கு நல்லதுங்கறத ஒரு காலத்துல டாக்டர்களே சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப அப்படி சொல்றதில்ல. 2003ல ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்பு வலி இருக்கற 313 பேர வெச்சு பாத்தாங்க, லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. சிலருக்கு நல்ல கெட்டி மெத்தை, சிலருக்கு நடுத்தரமா கெட்டி, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. 90 நாள் கழிச்சு பாத்தா நடுத்தரத்துல படுத்தவங்களுக்குத்தான் படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும் வலி நல்லா கொறஞ்சிருந்துச்சு. அதுக்காக பஞ்சு பொதியாட்டம் மெத்துன்னு இருந்தா நல்லதுன்னும் அர்த்தம் இல்ல, குழி விழுந்த மெத்தை இதவிட மோசம்.

தூக்கம்போச்சு மேடம், கை மரத்துப்போகுதுன்னீங்க, எந்த விரல்ங்க? மெத்தைல அமுங்கற பக்கத்து கை மட்டுமா, ரெண்டு கையுமா? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்து, கைய உதறினா சரியாகி, வண்டி ஓட்டும்போதும் போன் பிடிக்கும்போதும் அப்படியே ஆச்சுன்னா அது மணிக்கட்டு நரம்பு பிரச்சனையா இருக்கலாம், மெத்தைய மாத்தி ஒன்னும் ஆகாது.

தூக்கம்போச்சு
அமுங்கற கை மட்டும்தாங்க, முழு கையும், இடது பக்கம் திரும்பிப் படுத்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிருது. பகல்ல ஒன்னும் இல்ல. போன வாரம் அம்மா வீட்டுல ரெண்டு நாள் இலவம்பஞ்சு மெத்தைல படுத்தேன், வலியே இல்ல. அப்ப மெத்தைதான் காரணம்னு எடுத்துக்கலாமா?

பிசியோ_ஈரோடு
எடுத்துக்கலாம். வேற வீட்டுல படுத்தா போயிருதுங்கறதவிட நல்ல டெஸ்ட் கெடையாது. இப்ப வீட்டுலயே ஒன்னு பண்ணுங்க. ஸ்டிக்கர் பொட்டு இருக்குமே, அத கழுத்துக்குக் கீழருந்து இடுப்பு வரைக்கும் முதுகெலும்பு முடிச்சு மேல வரிசையா ஒரு ஏழெட்டு ஒட்டச் சொல்லுங்க. எப்பவும் படுக்கற மாதிரி ஒருக்களிச்சு படுங்க, வீட்டுக்காரர பின்னாடி மெத்தை உயரத்துக்குக் குனிஞ்சு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பொட்டு எல்லாம் ஒரே கோட்டுல இருந்தா மெத்தை உங்களுக்கு ஒத்துக்குது. கெட்டி மெத்தைன்னா தோள் எறங்காம மேல தள்ளிட்டு, விலாவுக்கும் மெத்தைக்கும் நடுவுல சந்து இருக்கும், இடுப்புகிட்ட கோடு வளையும்.

மேன்ஷன்வாசி
இத மேன்ஷன்ல ரூம்மேட்கிட்ட கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாக்கறேன்

தூக்கம்போச்சு
எடுத்தாச்சுங்க. எட்டு பொட்டு, பாத்தா கொல்லிமலை ரோடு மாதிரி இருக்கு. விலாகிட்ட என் கை முழுசா உள்ள போகுது. வீட்டுக்காரர் அந்த போட்டோவ பாத்ததுக்கப்பறம்தான் "அப்ப நெசமாவே வலிக்குதா"ன்னாரு. இத்தன நாள் நான் சொன்னதெல்லாம் என்னன்னு நெனச்சாருன்னு தெரியல.

பிளாஸ்டிக் கழட்டியாச்சு அண்ணா. கொஞ்சம் வித்தியாசம் தெரியுது, சத்தம் போயிருச்சு, வேர்வையும் கம்மி. ஆனா கல்லுல இருந்து பலகைக்கு வந்திருக்கேன், அவ்ளோதான்.

குட்டிமாஅம்மா
எங்க வீட்டுலயும் இதே கதைதான், படிச்சிட்டே வரேன். நாங்க மெத்தைய திருப்பிப் போட்டோம், அடிப்பக்கம் மெதுவா இருந்துச்சு! ரெண்டு பக்கமும் வேற வேறயாம், டெலிவரி பண்ண பசங்க தலகீழா போட்டுட்டு போயிட்டாங்க. உங்களதையும் ஒரு தடவ பாருங்க சிஸ்டர்.

தூக்கம்போச்சு
ஆசையா திருப்பினோம் சிஸ்டர், ரெண்டு பேரும் மூச்சு வாங்கி, வீட்டுக்காரர் கால்ல போட்டுக்கிட்டு. அந்தப் பக்கமும் அதே கல்லுதான் 😔

பஞ்சுமூட்டை
பாண்டட் மெத்த எடை அப்படி. இன்னொன்னு, கடைல "டென்சிட்டி 40, டென்சிட்டி 100"னு சொல்லி ஆள கொழப்புவாங்க. டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தன கிலோங்கறது, அது எத்தன வருஷம் ஒழைக்கும்னு சொல்லும். மெதுவா கெட்டியாங்கறது வேற கணக்கு. 50 டென்சிட்டி மெமரி ஃபோம் மெத்துன்னு இருக்கும், 28 டென்சிட்டி சாதா ஃபோம் கெட்டியா இருக்கும்.

இப்ப வழிக்கு வருவோம். கெட்டி மெத்த கெடச்சது ஒரு விதத்துல நல்லது. குழி விழுந்த மெத்த மேல என்னத்த போட்டாலும் அதே குழிதான் வரும், ஆனா கெட்டி மெத்த மேல மெதுவா ஒன்னு விரிச்சா வேல முடிஞ்சது. அதுக்குப் பேருதான் டாப்பர். ஆனா உடனே வாங்காத. மொதல்ல வீட்டுல இருக்குற ரஜாய் இல்லைன்னா கனமான போர்வை ரெண்டு மூணு மடிச்சு உன் பக்கம் மட்டும் விரிச்சு மூணு ராத்திரி படு. அதுல தோள் வலி கொறைஞ்சா டாப்பருக்கு காசு போடலாம். கொறையலைன்னா காசு மிச்சம். ஜமுக்காளம் மடிச்சுப் போடாத, அது இன்னும் கெட்டி.

பிசியோ_ஈரோடு
சரியா சொன்னீங்க சார். அதோட தலகாணியும் பாருங்க. கெட்டி மெத்தைல தோள் எறங்காததால தலைக்கும் மெத்தைக்கும் இடைவெளி அதிகம், ஒல்லித் தலகாணி வெச்சா கழுத்து தொங்கும், வலிய தோள்ல காட்டும். இப்போதைக்கு கொஞ்சம் உயரமானது வைங்க. பின்னாடி மெத்தைய மெதுவாக்கினா அப்ப பழைய ஒல்லித் தலகாணிக்கே வந்துரணும், இத நெறைய பேரு மறந்துட்டு "டாப்பர் போட்டேன் கழுத்து வலிக்குது"ன்னு வருவாங்க. ரெண்டு முட்டிக்கும் நடுவுல இன்னொரு தலகாணி வெச்சா மேல் கால் முன்னாடி சரியாது, இடுப்பு முறுக்காது. மல்லாந்து படுக்கறவங்க முட்டிக்கு அடில வெச்சுக்கணும்.

தூக்கம்போச்சு
(4 நாள் கழிச்சு) ரஜாய் மடிச்சுப் போட்டேன், முட்டிக்கு நடுவுல பையனோட யானை பொம்மை. வலி பாதி கொறஞ்சிருச்சு! கை மரத்துப்போறது ஒரே ஒரு நாள்தான். ஆனா ரஜாய் காலைல பாத்தா சுருண்டு கட்டில் ஓரத்துல கெடக்கு. அப்ப டாப்பர் வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். என் பக்கம் மட்டும் போட்டுக்கலாமா? அவருக்குத்தான் இதுவே சூப்பர் ஆச்சே. எது வாங்கறது, எத்தன இன்ச்?

போடிமெட்டு
தேனிக்காரன் நான் இருக்கும்போது டாப்பரா? போடி பக்கம் இலவம்பஞ்சுக்கு பேர் போன ஊரு. உங்க ஊர்லயே மெத்தைக் கடைல சொன்னா அளவுக்கு தச்சுத் தருவாங்க, 2 இன்ச் கனத்துல, 78க்கு 30. இலவம்பஞ்சு இழை உள்ள குழாய் மாதிரி வெறும் காத்து, மேல மெழுகு பூசின மாதிரி இருக்கும், தண்ணி சுலபமா எறங்காது, சூடு பிடிக்காது. அந்தக் காலத்துல பஞ்சசயனம்னு அஞ்சு வகை அடைச்சு படுத்தாங்களே, அதுல இலவம்பஞ்சும் ஒன்னு. அம்மா வீட்டுல அதுல படுத்துதான வலி போச்சு, அப்பறம் என்ன யோசனை?

பஞ்சுமூட்டை
இலவம்பஞ்சு அருமையான பொருள், நானே மறுக்க மாட்டேன். ஆனா மாசம் ரெண்டு தடவ மொட்ட மாடில வெயில்ல போட்டு தட்டணும், இல்லைன்னா கட்டி தட்டிரும். ஒன்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிரிச்சு அடிச்சு தைக்கணும். கலப்படமும் இருக்கு, இலவம்னு சொல்லி மில் கழிவுப் பஞ்ச கலந்துருவான். தூக்கிப் பாரு, கனத்தா கலப்படம். அப்பறம் வெயில்னதும் ஞாபகம் வருது, பஞ்சுக்கு வெயில் நல்லது, ஆனா லேட்டக்ஸ் (ரப்பர் ஃபோம்), மெமரி ஃபோம் ரெண்டையும் வெயில்ல போடவே கூடாது. லேட்டக்ஸ் வெடிச்சு பொடிப்பொடியா உதிரும். நல்லா இருக்கட்டும்னு மாடில காயப்போட்டு பத்தாயிரம் ரூவா சரக்க ஒரு கோடைல முடிச்சவங்கள பாத்திருக்கேன்.

தூக்கம்போச்சு
அப்ப மொதல்ல இலவம்பஞ்சு என் பக்கம் மட்டும் போட்டுப் பாக்கறேன், 2,200 சொன்னாங்க.

குட்டிமாஅம்மா
நான் ஒன்னு கேக்கணும், பாப்பாவுக்கு 4 மாசம், எங்களோடதான் படுக்கறா. நாங்களும் மெமரி ஃபோம் டாப்பர் போடலாம்னு இருக்கோம், பாப்பாவுக்கும் மெத்துன்னு நல்லா இருக்கும்ல?

பிசியோ_ஈரோடு
வேண்டாங்க, இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். ஒரு வயசுக்குள்ள கொழந்தைங்களுக்கு கெட்டியான சமமான படுக்கைதான் வேணும். மெத்துன்னு இருந்தா மொகம் புதைஞ்சு மூச்சு விட முடியாம போகலாம், அவங்களால தானா மொகத்த விடுவிச்சுக்க முடியாம போகலாம். தலகாணி, கனமான போர்வை, பொம்மை எதுவும் பக்கத்துல வேண்டாம், மல்லாக்கதான் படுக்க வைக்கணும். நீங்க டாப்பர் போட்டுக்கங்க, பாப்பாவுக்கு அதே ரூம்ல தனியா தொட்டில் கட்டிலோ கெட்டி மெத்தையோ போட்ருங்க.

குட்டிமாஅம்மா
ஐயோ நல்லவேளை கேட்டேன். நன்றி டாக்டர்.

பிசியோ_ஈரோடு
கேட்டுட்டு இருக்கறவங்களுக்காக இதையும் சொல்லிடறேன். வலி கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி எறங்கினா, கால் பலவீனமா இருந்தா, சிறுநீர் மலம் அடக்க முடியலைன்னா, காய்ச்சலோட வலின்னா டாப்பர் பாத்துட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு மாசக்கணக்கா காலைல அரை மணிக்கு மேல முதுகு வெறச்சுப்போய், நடமாடினா விட்டுப்போகுதுன்னா அதுவும் காட்ட வேண்டிய விஷயம், மெத்தை மேல பழி போட்டு வருஷக்கணக்கா ஓட்டிருவாங்க.

தூக்கம்போச்சு
(3 வாரம் கழிச்சு) இலவம்பஞ்சு ரிப்போர்ட். படுக்க சொர்க்கம். ஆனா பாதி மெத்தைக்கு மட்டும் போட்டதால நடுவுல ரெண்டு இன்ச் படிக்கட்டு. பையன் நடுவுல படுக்கறவன், மொத ராத்திரி என் பக்கத்துலருந்து உருண்டு அப்பா மேல விழுந்தான், ரெண்டாவது ராத்திரி அந்தப் பள்ளத்துலயே செட்டில் ஆயிட்டான், அவர ஓரத்துக்கு தள்ளி கட்டில் விளிம்புல கொண்டுபோய் விட்டான். அதோட நாங்க அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி, மொட்ட மாடிய பூட்டி வெச்சிருக்காங்க, செக்யூரிட்டிகிட்ட சாவி கேட்டு கேட்டு மெத்தை தூக்கிட்டுப் போறது என்னால ஆகல. இப்பவே தோள் படற எடத்துல அமுங்கிருச்சு. முழு சைஸ்ல ஃபோம் டாப்பர்தான் போடணும்னு ஆயிருச்சு.

போடிமெட்டு
வெயில் காட்டாம இலவம்பஞ்ச குத்தம் சொன்னா எப்படிக்கா. சரி விடுங்க, அத அம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க, வீணாகாது.

பஞ்சுமூட்டை
முழு சைஸ்னா ரெண்டு பேருக்கும் பாத்து வாங்கணும். சாதா பியூ ஃபோம்ல ரெண்டாயிரத்துக்கு கெடைக்கும், வாங்காத, ஆறு மாசத்துல அப்பளம். மிச்சம் ரெண்டு. லேட்டக்ஸ் அமுக்கினா திருப்பித் தள்ளும், பொரண்டு படுக்க லேசு, ஓட்ட ஓட்டையா இருக்கறதால சூடு கம்மி, வெல கூட. மெமரி ஃபோம் அப்படியே உன் உருவத்துக்கு எறங்கி பிடிச்சுக்கும், தோள் இடுப்பு வலிக்கு சுகம், ஆனா சூடு பிடிக்கும். 1 இன்ச் உனக்கே பத்தாது, 3 இன்ச் போட்டா உன் வீட்டுக்காரர் சேத்துல எருமையாட்டம் எந்திரிக்க முடியாம கெடப்பாரு. 2 இன்ச் போதும், அவருக்கு கீழ இருக்குற பாண்டட் தாங்கிக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி கட்டில் உயரமும் பாரு. உக்காந்தா பாதம் தரைல பதியணும், வீட்டுல பெரியவங்க யாராச்சும் அதுல படுத்தா இது முக்கியம்.

தூக்கம்போச்சு
மெமரி ஃபோம் 2 இன்ச் 78க்கு 60, 5,400 ரூபாய்க்கு ஆர்டர் போட்டாச்சு. சுருட்டி காத்து உறிஞ்சி ஒரு தூண் மாதிரி வந்துச்சு, பிரிச்சு ஹால்ல ஃபேனுக்கு அடில ரெண்டு நாள் விரிச்சு வெச்சோம், உப்பி வரதுக்கும் அந்த பெயிண்ட் வாசனை போகறதுக்கும். பையன் அதுல கைய அமுக்கி அமுக்கி தடம் மறையறத பாத்துட்டே இருந்தான், ரெண்டு நாளா கார்ட்டூன் கேக்கல.

தூக்கம்போச்சு
(ஒரு வாரம் கழிச்சு) ஒன்னு புரியல. பகல்ல பையனோட மதியம் படுத்தா மேகம் மாதிரி இருக்கு. ராத்திரி படுக்கும்போது மறுபடி கெட்டியா இருக்கு, ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுதான் எளகுது, பொரண்டு புது எடத்துக்குப் போனா மறுபடி கெட்டி. டூப்ளிகேட் ஏதும் குடுத்துட்டாங்களா?

ஸ்காபரோ_சிவா
தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். டூப்ளிகேட் இல்லை, அதுதான் மெமரி ஃபோமின்ர குணம். 1966இல நாசாவுக்காக கண்டுபிடிச்ச சாமான் அது, சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். இஞ்ச பனிக்காலத்தில ஹீட்டர் குறைச்சுப் போட்டு படுத்தமெண்டா முதல் கால் மணித்தியாலம் பலகைதான். உங்கட அறையில ஏசி எத்தினையில வைக்கிறனீங்கள்?

தூக்கம்போச்சு
18 அண்ணா 😳 நான் வைக்கறதில்ல, அவரு. மதியம் ஏசி போடறதில்ல. அதான் மேகமா இருந்திருக்கு!

ஸ்காபரோ_சிவா
கோயம்புத்தூரில 18ஓ! நாங்களே இஞ்ச வீட்டுக்குள்ள 21, 22இலதான் வைக்கிறம். 25இல வைச்சு ஃபேனை மெதுவா போட்டுப் பாருங்கோ. மேல மொத்தமான வாட்டர்ப்ரூஃப் கவர் போட்டிருந்தா அதையும் எடுத்துவிடுங்கோ, உடம்புச் சூடு ஃபோமுக்குப் போனாத்தான் அது இளகும். மெல்லிசு பருத்தி விரிப்பு ஒண்டு காணும்.

பிசியோ_ஈரோடு
உயரத் தலகாணிய எடுத்தாச்சான்னு பாருங்க மேடம், சொன்னேனில்ல. பொட்டு போட்டோ இன்னொன்னு எடுத்துப் பாத்துக்கங்க.

தூக்கம்போச்சு
தலகாணி மறந்தே போயிட்டேன்! ரெண்டு நாளா கழுத்து பிடிச்சிருந்துச்சு, இப்ப புரியுது.

ஓய்வு68
எம்மா, இவ்வளவு செலவுக்கு ஒரு பாய் 600 ரூவாய்க்கு முடிஞ்சிருக்கும். சும்மா சொன்னேன். ஆனா ஒரு விஷயம் கேக்கணும், என் வீட்டம்மா கொஞ்ச நாளா பாய்ல படுத்தா இடுப்பெலும்பு குத்துதுங்கா, ஒருக்களிச்சுதான் படுப்பா. எனக்கு ஒன்னும் இல்ல, நான் மல்லாக்க. இந்த டாப்பர பாய்க்கு மேல தரையில விரிக்கலாமா?

பஞ்சுமூட்டை
ஐயா வழிக்கு வந்துட்டீங்க 😀 தாராளமா விரிக்கலாம். காலைல சுருட்டி நிமித்தி வெச்சிரணும், தரையிலயே போட்டு விட்டா அடில ஈரம் கோத்து பூஞ்சை பிடிக்கும், மழக்காலத்துல இன்னும் சீக்கிரம். அம்மாவுக்கு வயசாச்சுன்னா தரையிலருந்து எந்திரிக்கறதே கஷ்டம், ஒரு கட்டில் போட்டு குடுங்களேன். உங்களுக்கு இலவம்பஞ்சு ஒத்து வரும், வீட்டுல மாடி இருக்குமே.

ஓய்வு68
மாடி இருக்கு. கேட்டுச் சொல்லுதேன்.

தூக்கம்போச்சு
(10 நாள் கழிச்சு) கடைசி அப்டேட். புது பொட்டு போட்டோ எடுத்தாச்சு, ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இல்ல, ஆனா கொல்லிமலை ரோடு இப்ப அவினாசி ரோடு ஆயிருச்சு. தோள் வலி இல்ல, கை மரக்கல, ஒரு ராத்திரில ஒரு தடவகூட முழிக்காம ஆறரைக்குத்தான் எந்திரிச்சேன், பால்காரர் பெல் அடிச்சதே கேக்கல. டாப்பர் நாலு மூலைலயும் நகந்துட்டு இருந்துச்சு, ரெண்டு மூலைக்கு இரண்டு விரல் அகல எலாஸ்டிக் வாங்கி அடில குறுக்க தச்சு விட்டேன், இப்ப அசையல. பழைய பெட்ஷீட் எட்டு இன்ச்சுக்கு எட்டல, அதுக்கும் எலாஸ்டிக்தான்.

ஏசிதான் பிரச்சனை. 25ல வெச்சா அவருக்கு வேர்க்குதாம், 18ல வெச்சா எனக்கு பலகை. ரெண்டு நாள் சண்டை, இப்போதைக்கு 24னு பேசி வெச்சிருக்கோம். நான் தூங்கினதும் எந்திரிச்சு கொறைக்கறாருன்னு தெரிஞ்சு ரிமோட்ட என் தலகாணி உறைக்குள்ள போட்டு படுக்கறேன். ஒல்லித் தலகாணிங்கறதால கொஞ்சம் குத்துது.